நாலாம் நாள் மாத்திரை வீணா?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, கிட்னியும் கொஞ்சம் பழுது. காய்ச்சல் கண்ட நாலாம் நாள் மூச்சு வாங்கவே, காரைக்குடியில் அட்மிட் செய்தோம். இன்ஃப்ளூயன்சாவா என்று பார்க்கச் சளி எடுத்தவர்கள், ரிசல்ட் வருமுன்பே அதற்கான ஒசல்டாமிவிர் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். 'இரண்டு நாளுக்குள் போட்டால்தான் கேட்கும்' என்கிறார்களே, வீணா? அந்த மருந்தே அன்னாசிப்பூதான், கஷாயம் வைத்துக் கொடு என்கிறார் எதிர்வீட்டு ஆச்சி.
- வாசகி, கோட்டையூர்

பதில்: வீணில்லை அம்மா. அந்த 48 மணி நேரக் கணக்கு, வீட்டில் படுத்திருக்கும் திடமான ஆளுக்கு. அவருக்குக் காய்ச்சல் ஒரு நாள் முன்னதாக விடும், அவ்வளவுதான். மூச்சுத் திணறி வார்டுக்கு வரும் வயசாளிக்கு நாலாம் நாள் தாண்டியும் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். பெருகிய கிருமி ஒரு செல்லைவிட்டுக் கழன்று அடுத்ததில் புகாமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அதனால் தாமதமானாலும் தொடங்குவோம். ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை.

2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் நான் காத்திருந்தேன், ஒரு கொத்தனாருக்கு. ரிசல்ட் வர மூன்று நாள். பிழைத்துக்கொண்டார், ஆனால் வென்டிலேட்டர் வரை போய். இன்றும் அவரை வழியில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

அதற்காக இது சஞ்சீவியும் இல்லை. ஆக்சிஜனும் பக்கத்திலிருந்து பார்ப்பதும்தான் பெரும்பாதி வைத்தியம். ரிசல்ட்டில் கொரோனா என்று வந்தால் இதை நிறுத்திவிடுவார்கள்; அதற்கு ரெம்டெசிவிர் போன்ற மருந்துகள், வேறு கணக்கு.

நான் கவலைப்படுவது கிட்னியைப் பற்றி. இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். வழக்கமாக 75 மில்லிகிராம் காலை, இரவு, 5 நாள். கிட்னி சுணங்கியவர்களுக்கு 30 ஆகக் குறைப்பார்கள். ரொம்ப மோசம் என்றால் ஒரு வேளைதான். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவு போட்டார்களா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மாத்திரை குமட்டும், கஞ்சி குடித்தபின் கொடுத்தால் தங்கும்.

ஆச்சி சொன்னது பாதி சரி. அன்னாசிப்பூவில் எடுக்கும் ஷிகிமிக் அமிலத்தில் தொடங்கி, பல படி ரசாயன மாற்றம் செய்துதான் மருந்தாக்குகிறார்கள். பூவில் இருப்பது கச்சாப் பொருள். கல்பாசியோடு அதுவும் நம் கோழிக் குழம்பில் தலைமுறையாகக் கொதிக்கிறது. நமக்கும் காய்ச்சல் வந்துகொண்டுதானே இருக்கிறது?

அப்புறம், ஆச்சியை இப்போதைக்கு வார்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் வயசாகிறதே.