சிறையிலுள்ளவருக்கு அட்டை அனுப்பும்போது

வணக்கம். மனசாட்சிக் கைதி ஒருவருக்கு, அதாவது வன்முறையில் ஈடுபடாமல் தன் கருத்துக்காகவோ நம்பிக்கைக்காகவோ சிறையில் அடைக்கப்பட்டவருக்கு, அனுப்பும் வாழ்த்து அட்டையில் அவருடைய கைதைக் கண்டித்து இரண்டு வரி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிறைக்குள் செல்லும் கடிதங்களை அதிகாரிகள் படித்த பிறகே கொடுப்பது வழக்கம் என்பதால், வழக்கையோ அரசையோ பற்றிய ஒரே ஒரு வரிகூட அட்டை அவர் கைக்குப் போகாமல் நின்றுவிடவோ, அவருக்கே தொல்லையாக முடியவோ காரணமாகலாம். கண்டனத்தை அந்நாட்டு அதிகாரிகளுக்குத் தனிக் கடிதமாக, மரியாதையான நடையில் எழுதுங்கள். அட்டையில் ‘உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதும், கையால் வரைந்த ஒரு பறவையும் போதும். அச்சிட்ட வாசகத்தைவிடக் கோணல்மாணலான கையெழுத்தே மேல் என்பது என் எண்ணம். 1961-இல் தொடங்கப்பட்ட அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு, டிசம்பர் 10 மனித உரிமை நாளையொட்டி ஆண்டுதோறும் கடித இயக்கம் நடத்துகிறது. அதில் வெளியிடப்படும் குறிப்புகளைப் பார்த்து, அனுப்புநர் முகவரியை எழுதலாமா, அமைப்பின் பெயரைக் குறிப்பிடலாமா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள், அட்டை அவரிடம் சேராவிட்டாலும், அவரை வெளியுலகம் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது அதைப் பிரித்துப் படித்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கும்.