ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த பண்ணை வீடு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஜார்ஜியாவில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த பண்ணையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: அக்கா, அட்லாண்டாவிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

தாராளமாக. காரில் சுமார் இரண்டரை மணி நேரம். முதலில் பிளெயின்ஸ் ஊரில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அதுதான் இப்போது பார்வையாளர் மையம். அங்கிருந்து மேற்கே 4 கிலோமீட்டர் போனால் ஆர்ச்சரி, அங்கேதான் பண்ணை. கட்டணம் கிடையாது.

கேள்வி: அதிபர் வீடு என்றால் பெரிய பங்களாவா?

இல்லவே இல்லை. 1928-இல் அவர்கள் குடிவந்தபோது கரண்டும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. 1935-இல் காற்றாலை வைத்துத்தான் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, கரண்ட் 1938-இல். அதற்கு முன்பு இருந்த கோலத்திலேயே வீட்டை வைத்திருக்கிறார்கள். குளியலறையில் அண்ணாந்து பாருங்கள்: அடியில் ஓட்டைகள் போட்ட ஒரு வாளி தொங்கும். அதுதான் ஷவர்.

கேள்வி: நேரம் குறைவு. வீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். பக்கத்திலேயே கார்ட்டரின் அப்பா நடத்திய கடை இருக்கிறது. அவர் நிலத்தில் பாடுபட்டவர்கள் மண்ணெண்ணெய், துணிமணி எல்லாம் அங்கேதான் கடனுக்கு வாங்கினார்கள். உழைத்த கூலி அந்தக் கடைக்கே திரும்பியது. அப்புறம் ஜாக், ரேச்சல் கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியின் சின்ன வீடு. விடியுமுன் பண்ணை மணியை அடித்து எல்லாரையும் எழுப்பியவர் ஜாக். சிறுவன் கார்ட்டருக்கு மீன் பிடிக்கக் கற்றுத்தந்தவர் ரேச்சல். அப்பா அம்மா ஊரில் இல்லாத நாட்களில் அவன் படுத்துக்கொண்டது இவர்கள் வீட்டில்தான். ஆனால் அவன் படித்த பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அன்று இடமில்லை. என்னைக் கேட்டால், பெரிய வீட்டைவிட இந்தச் சின்ன வீட்டில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

கேள்வி: அவருடைய அம்மா இந்தியாவில் இருந்தாராமே?

உண்மைதான். லில்லியன் கார்ட்டர் ஒரு நர்ஸ். ஆர்ச்சரியில் கறுப்பினக் குடும்பங்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். 68 வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் சேவை அமைப்பின் தொண்டராகப் பம்பாய்ப் பக்கம் விக்ரோலிக்கு வந்து வேலை செய்தார்.

கேள்வி: எந்த மாதம் நல்லது சார்?

சார் இல்லை, அக்கா! கோடையில் வெயில் கொளுத்தும், முகத்தைச் சுற்றிப் பொடிப்பூச்சி மொய்க்கும். கடலை பறிக்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் எனக்குப் பிடித்த காலம். ஊருக்குள் அவித்த கடலை வாங்கிச் சாப்பிடுங்கள். கார்ட்டர் 5 வயதிலேயே அதே தெருக்களில் விற்ற பண்டம் அது.