வார இறுதியில் குடும்பத்துடன் காரில் பெற்றோரைப் பார்க்கச் செல்லும் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

பெற்றோர் வீடு காரில் ஆறு மணி நேரத் தொலைவில் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் இரண்டு குழந்தைகளுடன் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்ப எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் பெற்றோரும் ஏறக்குறைய அதே தொலைவில் இருப்பதால் இந்தப் பயணம் எனக்கு நன்கு பழக்கமானது. வெள்ளி மாலை புறப்பட வேண்டாம், ஞாயிறு இரவில் சாலையில் இருக்கவும் வேண்டாம் என்பதே என் பதில். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

காரணம் தூக்கம். காலை 6 மணிக்கு எழுந்து நாள் முழுவதும் வேலை பார்த்தவர் இரவு 11 மணிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால், அவர் 17 மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று பொருள். அந்த நிலையில் ஒருவரது கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ குறைந்துவிடுகின்றன என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பே அதுதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது; ஓட்டுபவர் நான்கு நொடிகள் கண்ணயர்ந்தாலும் வண்டி 110 மீட்டருக்கு மேல் ஓட்டுவார் இல்லாமல் ஓடியிருக்கும்.

ஆகவே வெள்ளி இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, சனிக்கிழமை காலை 6 மணி அளவில் கிளம்புங்கள். நெரிசலுக்கு முன்பே போய்விடலாம் என்று 3 மணிக்குக் கிளம்புவோர் பலர் உண்டு. ஆனால் பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரையிலான பொழுதில்தான் உடல் இயல்பாகவே தூக்கத்தை மிக அதிகமாக நாடுகிறது. பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை அதே நாட்டம் சற்றுக் குறைந்த அளவில் மீண்டும் வரும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டின் ஒலியைக் கூட்டுவதும் இதற்குத் தீர்வாகாது. கண் சொருகினால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15 அல்லது 20 நிமிடம் தூங்குங்கள். காபியின் விளைவு தெரிய அரை மணி நேரம் போல ஆகும் என்பதால், எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

திரும்பும் பயணத்தைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன், ஏனெனில் சனி இரவு பேச்சு நீண்டு எல்லோரும் தாமதமாகத்தான் படுப்பார்கள், ஞாயிறு காலை விடைபெறுவதற்கோ நாம் நினைப்பதைவிட எப்போதும் கூடுதல் நேரம் ஆகும். புறப்படும் நேரத்தைப் போன உடனேயே அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அவர்களுக்கு மனம் வருந்தும், நமக்கும் மறுக்க வராது. ஞாயிறு காலை 10 மணிக்குள் கிளம்பினால், இடையிடையே ஓய்வெடுத்தாலும் பெரும்பாலும் இருட்டுவதற்குள் வீடு சேரலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரமாவது எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, குமட்டல்தான் பெரிய தொல்லை. வண்டி நகர்வதை உட்செவி உணர்கிறது. கையிலுள்ள திரையையோ புத்தகத்தையோ பார்க்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலைத் தூண்டுகிறது. ஆகவே வளைவுகள் மிகுந்த பகுதியில் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, முன்னால் தொலைவில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் மாத்திரை பரிந்துரைத்தால் கிளம்புவதற்கு முன்பே கொடுங்கள்; அத்தகைய மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை, ஓட்டுபவர் அவற்றைச் சாப்பிடக் கூடாது. சிறு குழந்தைக்கு அதன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கை கட்டாயம் வேண்டும். எவ்வளவு அழுதாலும் ஓடும் வண்டியில் மடிக்கு மாற்றாதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். பின்னால் அமரும் பெரியவர்களும் சீட் பெல்ட் போட வேண்டும், ஏனெனில் மோதலின்போது பெல்ட் அணியாதவர் முன்னிருக்கையில் இருப்பவர் மீதே வீசப்படுவார்.

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடேறும் முன் சரிபாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள அட்டவணையில் முழுச் சுமைக்கான அளவு தனியாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அதன் உச்ச வரம்பு மட்டுமே.

வந்து சேரும் நேரத்தைச் சொல்லும்போது, நீங்கள் கணக்கிட்டதோடு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லுங்கள். காத்திருக்கும் பெற்றோர் பதற்றத்தில் அடிக்கடி அழைக்க மாட்டார்கள்; அழைத்தாலும் ஓட்டாதவரின் கைபேசிக்கே அழைக்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.