2019-இல் வெறும் 30 பெசோ கட்டண உயர்வுக்குச் சிலி நாடே ஏன் கொந்தளித்தது?

அரசியல் கொந்தளிப்பு என்றால், ஒரு குறிப்பிட்ட கோரிக்கையைத் தாண்டி, ஆளும் முறையின் மீதே மக்கள் நம்பிக்கை இழந்து தெருவுக்கு வருவது. 2019-இல் ஹாங்காங், சூடான், லெபனான், ஈரான் எனப் பல இடங்களில் இது நடந்தது. காரணத்தைப் பளிச்செனக் காட்டுவது சிலிதான்.

அக்டோபரில் தலைநகர் சாந்தியாகோவின் மெட்ரோ ரயிலில் நெரிசல் நேரக் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 ஆனது. பள்ளி மாணவர்கள் டிக்கெட் எடுக்காமல் கட்டண வாயில்களைத் தாண்டிக் குதித்தார்கள். சில நாட்களிலேயே ரயில் நிலையங்கள் எரிந்தன, நெருக்கடி நிலை வந்தது. "30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள்" என்பதே அப்போதைய முழக்கம். சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி முடிந்த பிறகான ஆண்டுகள் அவை. தனியார் நிதியங்கள் தரும் சொற்ப ஓய்வூதியம், மருத்துவச் செலவு, கல்விக் கடன், பினோசே காலத்து 1980 அரசியலமைப்பு என அத்தனையும் அதில் அடக்கம்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் போடும் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டால் விசில் வராது. ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்ட பிறகு அடுப்பை அணைத்தாலும், சுவரில் தெறித்த பருப்பு தெறித்ததுதான். (விசில் வராததை அமைதி என்று அரசுகள் எடுத்துக்கொள்வது வாடிக்கை.)

உயர்வைத் திரும்பப் பெற்றால் கூட்டம் கலைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிபர் பினியேரா அக்டோபர் 19-இலேயே அதை நிறுத்திவைத்தார், 25-ஆம் தேதி சாந்தியாகோவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்.