சீட்டு கேட்காத மருந்துக் கடை

கேள்வி (2020 கொரோனா ஊரடங்கின்போது): ஊரடங்கினால் வெளியே செல்ல இயலாத நிலையில், என் தாயாருக்கான இரத்த அழுத்த மாத்திரைகளை, மருந்துச்சீட்டே கேட்காத ஓர் இணையத்தளத்தில் குறைந்த விலைக்கு வாங்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். சீட்டு கேட்காமல் விற்பவர் உரிமம் பெற்றவர்தானா என்பதே ஐயத்துக்குரியது. விலைக் குறைவு அந்த ஐயத்தைக் கூட்டத்தான் வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 26 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, உரிமம் பெற்ற சில்லறை மருந்துக் கடைகள், மின்னஞ்சலில் வரும் சீட்டைப் பெற்றுக்கொண்டு, அதே வருவாய் மாவட்டத்துக்குள் மருந்தை வீட்டுக்கே அனுப்பலாம்; நாள்பட்ட நோய்க்கான சீட்டாயின், அது எழுதப்பட்டு 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். எனவே, உங்கள் தெருமுனைக் கடையையே முதலில் கேளுங்கள். போதை மருந்துகளுக்கும் எச்1 அட்டவணை (விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியல்) மருந்துகளுக்கும் இச்சலுகை இல்லை. மாத்திரை வந்ததும், அட்டையிலுள்ள தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் ரசீதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.