கேள்வி பதில்: முகவரி சரி, ஆக்‌ஷன் தப்பு

கேள்வி: பி.ஜி. விடுதிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஆப், ரெயில்ஸில் (ரூபி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) எழுதியது. ரத்தான ஆர்டர்களைக் காட்ட ‘/ஆர்டர்ஸ்/கேன்சல்டு’ என்று ஒரு பக்கம் சேர்த்தோம். கன்ட்ரோலர் (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் கோட்) டெஸ்ட் பாஸ் ஆகிறது. சர்வரில் ஏற்றினால் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழை. ஏன்?
– வாசகி, எச்.எஸ்.ஆர். லேஅவுட், பெங்களூரு

பதில்: எந்த முகவரி எந்த ஆக்‌ஷனுக்கு (கன்ட்ரோலரில் ஒரு வேலையைச் செய்யும் மெதட்) போகும் என்று சொல்லும் ரூட்ஸ் ஃபைலில் ‘ரிசோர்சஸ் :ஆர்டர்ஸ்’ வரிக்குக் கீழே உங்கள் புது வரியைச் சேர்த்திருப்பீர்கள். ரெயில்ஸ் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்ளும். ரிசோர்சஸ் ஒரே வரியில் 7 ஆக்‌ஷன்களுக்கு வழி போடுகிறது. அவற்றில் ஒன்றான, ஒரே ஓர் ஆர்டரைக் காட்டும் ஷோவின் வழி ‘/ஆர்டர்ஸ்/:ஐடி’. ‘கேன்சல்டு’ என்ற சொல்லையே ஐடியாக எடுத்துக்கொண்டு கோரிக்கை ஷோவுக்குப் போய்விடுகிறது. அப்படி ஓர் ஆர்டர் டேட்டாபேஸில் இல்லை, அதனால் 404. லாகைப் பாருங்கள்: ‘ஆர்டர்ஸ்கன்ட்ரோலர்#ஷோ’ என்றும், பராமீட்டர்ஸ் வரியில் ஐடி ‘கேன்சல்டு’ என்றும் பதிவாகியிருக்கும்.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? பழைய பாணி கன்ட்ரோலர் டெஸ்ட், ஆக்‌ஷனைப் பெயர் சொல்லி நேராக அழைக்கிறது. முகவரியை ரூட்டர் எப்படிப் படிக்கிறது என்பது அங்கே சோதிக்கப்படுவதே இல்லை. ‘அசர்ட்_ஜெனரேட்ஸ்’ போட்டிருந்தாலும் பாஸ்தான். அது கன்ட்ரோலர், ஆக்‌ஷன் பெயர்களிலிருந்து முகவரியை உருவாக்கிப் பார்ப்பது. அந்தத் திசையில் உங்கள் ரூட்டில் குறையில்லை. முகவரியிலிருந்து ஆக்‌ஷனுக்குப் போகும் எதிர்த்திசையைச் சோதிப்பது ‘அசர்ட்_ரெகக்னைசஸ்’. கன்ட்ரோலர் ‘ஆர்டர்ஸ்’, ஆக்‌ஷன் ‘கேன்சல்டு’ என்ற ஹாஷை (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) முதலிலும் முகவரியை அடுத்தும் கொடுங்கள். ஷோ வந்து நிற்பது உடனே தெரிந்துவிடும். இரண்டு திசையையும் ஒன்றாகச் சோதிக்க ‘அசர்ட்_ரூட்டிங்’ இருக்கிறது. பெரும்பாலும் அதையே எழுதுங்கள்.

சரிசெய்ய, ரிசோர்சஸுக்கு ஒரு பிளாக் திறந்து, உள்ளே ‘கலெக்‌ஷன்’ பிளாக்கில் ‘கெட் :கேன்சல்டு’ எழுதுங்கள். பிளாக்கில் இருப்பது ஷோவுக்கு முன்பே பதிவாகும்.

வெறும் ரிசோர்சஸ் தரும் 7 வழிகளுக்கும் டெஸ்ட் எழுதிக் குவிக்க வேண்டாம். அது ரெயில்ஸைச் சோதிக்கும் வேலை. நீங்களாகச் சேர்த்த வழி, கன்ஸ்ட்ரெய்ன்ட் (எந்த மதிப்பை ஏற்கலாம் என்ற கட்டுப்பாடு) போட்ட வழி, வரிசை மாறினால் உடையும் வழி, இவற்றுக்குக் கட்டாயம் எழுதுங்கள். ஐடியில் புள்ளி வரக்கூடிய வழியும் இதில் சேரும். ‘வி1.2’ என்று அனுப்பினால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை ஃபார்மட் (எச்.டி.எம்.எல்., ஜேசன் போன்ற பதில் வகை) என்று பிரித்துவிடும். ஐடிக்கு, சாய்கோடு தவிர எதையும் ஏற்கும் கன்ஸ்ட்ரெய்ன்ட் கொடுத்தால் முழுதாக வரும்.

கேள்வி: கிரியேட் ஆக்‌ஷனுக்கு ‘அசர்ட்_ரெகக்னைசஸ்’ எழுதினால், இண்டெக்ஸ் வந்தது என்று ஃபெயில் ஆகிறதே?
– வாசகர், மடிவாளா

பதில்: இரண்டுக்கும் முகவரி ஒன்றுதான்: கெட் (பக்கத்தைக் கேட்பது) என்றால் இண்டெக்ஸ், போஸ்ட் (விவரத்தை அனுப்புவது) என்றால் கிரியேட். முகவரியை மட்டும் சரமாக (ஸ்டிரிங்) கொடுத்தால் கெட் என்றே எடுத்துக்கொள்ளும். பாத் ‘/ஆர்டர்ஸ்’, மெதட் போஸ்ட் என்று இரண்டையும் ஹாஷாகக் கொடுங்கள். இன்னொன்று, முகவரியில் வரும் ஐடி எப்போதும் சரம். எதிர்பார்ப்பில் 12 என்று எண்ணாக எழுதினால் ஃபெயில் ஆகும். மேற்கோள் குறிக்குள் ‘12’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ரூட்டிங் டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் பக்கத்தைத் திறந்தால் ‘ஆக்‌ஷன் நாட் ஃபவுண்ட்’.
– வாசகர், அல்சூர்

பதில்: ரூட்டிங் டெஸ்ட் ஆக்‌ஷனின் பெயரைத்தான் ஒப்பிடும். அந்தப் பெயரில் கன்ட்ரோலரில் மெதட் இருக்கிறதா என்று பார்க்காது. மெதடும் இல்லை, அதே பெயரில் வியூவும் (பக்கத்தின் டெம்ப்ளேட்) இல்லை என்றால் இந்தப் பிழை வரும். மெதடை, வெளியிலிருந்து அழைக்க முடியாதபடி ‘பிரைவேட்’டுக்குக் கீழே எழுதிவிட்டாலும் இதே கதைதான். முக்கியமான ஒவ்வொரு வழிக்கும் ஓர் இன்டக்ரேஷன் டெஸ்ட் (ரூட்டர் முதல் பக்கம் வரை சேர்த்து ஓட்டிப் பார்ப்பது) வையுங்கள்: முகவரியைக் கெட் செய்து ‘அசர்ட்_ரெஸ்பான்ஸ் :சக்ஸஸ்’. ரெயில்ஸ் 7.1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், ரூட்ஸ் கட்டளையோடு ‘--அன்யூஸ்டு’ சேர்த்து ஓட்டுங்கள். ஆக்‌ஷன் இல்லாமல் தொங்கும் வழிகளைப் பட்டியலிட்டுத் தரும்.