அம்மாவும் கோதுமைக் குவியலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர் கொடுத்த ஒரு சோவியத் நாவலை நாற்பது பக்கத்தில் மூடிவிட்டேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் உழைக்கிறார்கள். சோஷலிச யதார்த்தவாதம் என்பதே வெறும் பிரச்சாரம்தானே? இலக்கியமாக அதற்கு என்ன மதிப்பு?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

நாற்பது பக்கத்தில் மூடியதற்குத் திட்டமாட்டேன், நானும் மூடியிருக்கிறேன். அதை வைத்து ஒரு காலத்து எழுத்து மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறீர்களே, அதற்குத் திட்டுவேன். பிரச்சாரம் என்பதெல்லாம் ஒரு குற்றச்சாட்டா? தேவாரமும் பிரச்சாரம்தான். அதை விடுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிப் புத்தகங்களுக்கு 'சோவியத் நாடு' இதழின் வழவழத் தாளில்தான் அட்டை போடுவோம். என் கணக்குப் புத்தகத்தின்மேல், கோதுமைக் குவியலுக்கு முன்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கோதுமையை முறத்தில் போட்டுப் புழு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இடுப்பு ஒடியுற நாள்ல யாருடா இப்படிச் சிரிப்பா?" என்றாள்.

அதற்கு விடை 1934-இல் மாஸ்கோவில் கூடிய எழுத்தாளர் மாநாட்டிலேயே இருக்கிறது. சோஷலிச யதார்த்தவாதம் என்றால் யதார்த்தத்தை 'அதன் புரட்சிகர வளர்ச்சிப்போக்கில்' காட்ட வேண்டும் என்று சோவியத் எழுத்தாளர் சங்க விதியில் எழுதி வைத்தார்கள். 'வளர்ச்சிப்போக்கில்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள், மொத்த அரசியலும் அதற்குள்தான். நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே வந்துவிட்டதாக எழுது, வராவிட்டால் அது உன் பார்வைக் கோளாறு. 1946-47-இல் உக்ரைனில் பஞ்சம். 1949-இல் உக்ரைனில் வாழ்ந்த யாப்லோன்ஸ்கயா வரைந்த ஓவியத்தில் களம் நிறையத் தானியம், சிரிக்கும் பெண்கள், அதற்கு ஸ்டாலின் பரிசு. மோசமான ஓவியம் என்றால் பிரச்சினையே இல்லை, அந்த வெயிலைப் பார்த்தால் நமக்கே கண் கூசும்.

இரண்டு நாளாக சோவியத் நாவலாசிரியர் ஃபதேயேவ் நினைப்பாகவே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. எழுத்தாளர் சங்கத் தலைமையில் இருந்து மற்றவர்களுக்கு விதி சொன்னவர். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த, உக்ரைனின் கிராஸ்னதோன் ஊர் இளைஞர்களைப் பற்றிய அவருடைய நாவலுக்கு 1946-இல் ஸ்டாலின் பரிசு. மறுவருடமே, கட்சி வழிகாட்டியது அதில் தெரியவில்லை என்று கட்சி நாளேடான 'பிராவ்தா' தாக்கியது. பரிசு வாங்கிய புத்தகத்தை மனிதர் உட்கார்ந்து திருத்தினார், நடந்து முடிந்த சம்பவத்துக்குள் கட்சிக்காரர்களைக் கொண்டுவந்து சேர்த்தார், 1951-இல் புதிய பதிப்பு வந்தது. 1956 மே மாதம் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். குடிதான் காரணம் என்று அரசு சொன்னது. கட்சியின் அறியாமை மிகுந்த தலைமை கலையை நாசமாக்கிவிட்டது என்று அவர் எழுதி வைத்த கடிதம் 1990-இல்தான் வெளியே வந்தது.

சரி, நீங்கள் மூடிவைத்த நாவல் எது என்று எழுதவேயில்லையே? ஃபதேயேவுடையது என்றால், எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.